கூட வந்தோம்

சங்கிலிச் சத்தம்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் சங்கிலி இப்படிச் சத்தம் போடாது. மெற்றில்டா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே காதை மட்டும் சுவருக்கு அப்பால் அனுப்பினாள். மீட்புப் படகு ஷெட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே வலை காயப்போடுகிற மணல்வெளி ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கே நடக்கிறதெல்லாம் அவளுக்குக் காது வழியாகவே தெரியும். முதலில் கடல் பக்கத்து ஷட்டர் ஏறும், தகரக் கூரையில் யாரோ கல்லை அள்ளிக் கொட்டின மாதிரி. பிறகு சங்கிலி இளகும், சரசரவென்று கீழ்நோக்கி, ஒரே மூச்சில். பிறகு படகு தண்ணீரில் இறங்கும். அதைச் சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, அடிவயிற்றில் ஒரு தட்டு. ஷட்டர், சங்கிலி, தண்ணீர். ஜெபமாலையில் ஒரு மணிக்குப் பிறகு அடுத்த மணி வருகிற மாதிரி. இன்றைக்கு ஷட்டர் ஏறவில்லை, தண்ணீரும் இல்லை, சங்கிலி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கென்று ஏறியது, நின்றது, மறுபடி கடக். கடலுக்குப் போன படகு திரும்பி வரும்போதுதான் சங்கிலி இப்படி ஏறும். படகு போகவே இல்லையே. போகாத படகை யார் மேலே இழுக்கிறார்கள்?

பிள்ளை பாலை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. ஒண்ணுமில்ல மக்ளே, நீ குடி. ஒண்ணுமில்லை என்று சொல்லும்போதே அவள் கண் கதவுக்குப் போய்விட்டது. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. போடக் கூடாது. இந்த மணவாளத்துறையில் ஆண் கடலில் இருக்கிற இரவு வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுகிற பெண் கிடையாது, போட்டால் அவன் திரும்பி வருகிற வழியை அடைத்த மாதிரி. அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமி சொல்லிவிட்டாள். புருஷன் கிளீட்டஸ் சாயங்காலமே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போயாகிவிட்டது, அதனால் கதவு வெறுமே சாத்திக் கிடக்கிறது, காற்று தள்ளினால் திறக்கும், நாய் தள்ளினால் திறக்கும், யார் தள்ளினாலும் திறக்கும், யார் தள்ளினாலும். ஒவ்வொரு இரவும் இந்த யார் என்கிற சொல்லிலேயே அவள் தூக்கம் மாட்டிக்கொள்ளும். அவள் வளர்ந்த கான்வென்ட் விடுதியிலும் இதே கதைதான். அங்கே தாழ்ப்பாளே இல்லை. பிள்ளைகள் உள்ளே பூட்டிக்கொண்டு என்ன செய்வார்களோ என்று எல்லாக் கதவிலும் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள், மரத்தில் ஸ்குரூ போன ஓட்டைகள் மட்டும் மிச்சம். படுத்துக்கொண்டே அந்த ஓட்டைகளைப் பார்ப்பாள். அங்கே கன்னியர்கள், இங்கே கடல். யோசித்துப் பார்த்தால் பிறந்ததிலிருந்து ஒரு கதவைக்கூட அவள் தன் கையால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினதில்லை. கடக். இதோ மறுபடியும். ரோட்டுப் பக்கமாக இழுக்கிறார்கள். படகை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மாசக் கடைசியில்தானே எடுப்போம் என்று சொன்னார்கள். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார் மேலிடத்திலிருந்து வந்த ஆபீசர், சட்டைப் பையில் இரண்டு பேனா, நல்ல மரியாதையான பேச்சு, எல்லோரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். மூடலம்மா, யாரு மூடுறோம்னு சொன்னது, இணைக்கிறோம். மேற்கே துறைமுகத்தில் இருக்கிற மீட்பு நிலையத்தோடு இந்த நிலையத்தை இணைக்கிறோம், பெரிய நிலையம், பெரிய படகு, நல்லதுதானே. இங்கே இந்தப் படகுக்கு வேலையே இல்லையே ஐயா, சும்மா துருப்பிடித்து நிற்கிறதே. அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதைக் கேட்டிருக்கவே வேண்டாம், கேட்டுவிட்டார். இந்தப் படகு காப்பாத்திக் கொண்டுவந்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா, கொஞ்சம் கையத் தூக்குங்க பாப்போம். மண்டபம் முழுக்க ஆண்கள், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் பாதிப் பேரை அந்த ஆரஞ்சுப் படகு அள்ளிக்கொண்டு வந்ததை மெற்றில்டா இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். ஒரு கை எழும்பவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. கிளீட்டஸ் நடு வரிசையில் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, யாரோ திருடப்போகிற மாதிரி, உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கை தானாக எழும்பியது. இடுப்பளவுதான் வந்திருக்கும், மாமி மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "கைய எறக்குட்டி. அவன் இன்னும் கடலுக்குப் போகணும் கேட்டியா." அவ்வளவுதான். ஆபீசர் சிரித்தார், பரிதாபமாகக்கூட. பாத்தீங்களா ஐயா.

அவருக்கு என்ன தெரியும். இந்தக் கரையில் காப்பாற்றினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் கடல் தோற்றுப்போனதாக அர்த்தம், தோற்ற கடல் விட்டுப்போன ஆளை மறுபடி கேட்டு வரும். அதனால் கூட வந்தோம் என்பார்கள். வள்ளம் கவிழ்ந்து ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறினவனைத் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தாலும் கூட வந்தோம், வழியில பாத்தோம், கூட வந்தோம். கரை வர இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போதே அவன் படகிலிருந்து குதித்துவிடுவான், தன் காலால் நடந்து கரையேறுவான், படகை ஓட்டுகிற ஜஸ்டஸ் அண்ணன் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரும் இந்தக் கரைக்காரர்தானே, மேலதிகாரி கேட்டால் சும்மா ஒரு சுற்று போய்வந்தோம் என்பார். சும்மா போன சுற்று, சும்மா கூட வந்தவர்கள், கடைசியில் சும்மா நிற்கிற படகு. இத்தனை வருஷமாக எல்லோரும் சேர்ந்து அந்தப் படகுக்கு வேலையில்லை என்று தங்கள் வாயாலேயே நிரூபித்திருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்ல, ஆபீசரையா? அவர் கேட்டதற்கு ஊரே கையை மடக்கிக்கொண்டு ஆமாம் என்றதே. போன ஆடி, அவளுக்கு அப்போது எட்டாம் மாதம், வாடைபோல் வெட்டுகிற காற்று. விடியப்போகிற நேரம் கிளீட்டஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், உதடு வெளுத்து, காது ஓரமெல்லாம் உப்பு. ஆரஞ்சு படகைப் பாத்தோம், கூட வந்தோம், சோறு இருக்கா. சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. இரண்டு கையையும் அவள் மடியில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். பத்து நகத்துக்குள்ளும் வள்ளத்தின் வெள்ளை பெயிண்ட். கவிழ்ந்த வள்ளத்தின் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பிடித்துக்கொண்டிருந்த கை. ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தாள், சதையும் கூட வந்தது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் முள்ளு என்றான். அவளும் ஆமாம் என்றாள். ஆமாம், மீன் முள். வெள்ளை வெள்ளையாகத் தாளில் சேர்ந்த மீன் முள்.

இணைப்பு. நல்ல சொல்தான், கல்யாணத்தில் பங்குச் சாமியார்கூடச் சொன்னார். இணைப்பு என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது மைதானம். பிள்ளைகள் குறைவு என்று சின்ன விடுதியையும் பெரிய விடுதியையும் இணைத்தார்கள், எதற்கு இரண்டு நோயாளி அறை, ஒன்று போதும் என்று மைதானத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அதே கட்டில், அதே மருந்துப் பெட்டி, அதே சிஸ்டர் பெர்ப்பெத்துவா, எதுவும் குறையவில்லை, நடுவில் மைதானம் மட்டும் வந்து படுத்துக்கொண்டது. மழைக்கால இரவு ஒன்றில் பக்கத்துக் கட்டில் லூர்துக்கு இழுப்பு வந்துவிட்டது, மூச்சு விசில் அடிக்கிறது, கண் வெளியே வருகிறது. மெற்றில்டாதான் ஓடினாள், இருட்டு என்றால் செத்துவிடுகிற மெற்றில்டா, வெறுங்காலோடு மைதானத்தில் ஓடிப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்து கேட்டு பூட்டியிருந்தது. கத்தினாள். அனுமதியில்லாமல் இந்த நேரத்தில் என்ன சத்தம் என்று ஜன்னலிலிருந்து கேட்டார்கள், அதற்குப் பதில் சொல்லி, சாவியைத் தேடி, குடையைத் தேடி, லூர்து பிழைத்ததே பெரிய காரியம். துறைமுகத்திலிருந்து படகு வரும், வராமல் இருக்காது, அங்கே உத்தரவு கேட்டு, இங்கே உத்தரவு கேட்டு, முனையைச் சுற்றி, காற்றை எதிர்த்து வரும். அதற்குள் நகத்தில் எத்தனை பெயிண்ட் ஒட்டும்? பத்து விரல்தானே இருக்கிறது ஒருவனுக்கு. இன்றைக்கு வள்ளத்தைத் தள்ளும்போதே எஞ்சின் இருமியது. இரண்டு தரம் கயிற்றை இழுத்தும் இருமல்தான். அவள் சொன்னாள், நாளைக்கு மெக்கானிக்கக் காட்டிட்டுப் போங்களேன். மீன் நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமாட்டி என்று சிரித்துக்கொண்டே போனான். கடக். முடியாது. அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பிள்ளை திடுக்கிட்டது. முடியாது, கொண்டுபோக முடியாது. யாரைக் கேட்டு எடுக்கிறார்கள், ஆண்களெல்லாம் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பகலில் வந்தால் லாரிக்கு முன்னால் படுத்துவிடுவார்கள் என்று தெரிந்து. பயமாக இருந்தது. பயந்தபடியே எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டாள். பயம் போன பிறகு எழுந்திரிக்கலாம் என்று இருந்தால் இந்த ஜன்மத்தில் எழுந்திரிக்க முடியாது.

"எங்கட்டி போற, பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு?" முந்தானையை விரித்துத் தரையில் படுத்திருந்த மாமி எழும்பவில்லை, கண்ணையும் திறக்கவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. அவளுக்கும் காது உண்டுதானே, அவளும் அந்தச் சங்கிலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஷெட்டுக்கு, மாமி." "என்னத்துக்கு?" "கதவைப் பூட்ட." மாமி இப்போது எழுந்து உட்கார்ந்தாள். "கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? அவன் கடல்ல கெடக்கான், நீ கதவைப் பூட்டுறேங்கிற." "வீட்டுக் கதவு தெறந்தே கிடக்கட்டும் மாமி, நான் தொடல. நீங்க அதுக்குப் பக்கத்திலேயே படுங்க. நான் பூட்டப் போறது அங்க உள்ள கதவு." அடி விழும் என்று நினைத்தாள், வசவாவது விழும். மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் பிடித்து இழுத்த அந்த மணிக்கட்டையும் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கொடியிலிருந்து கிளீட்டஸின் பழைய போர்வையை இழுத்து, பிள்ளையின் தலையோடு சேர்த்து மூடி, தாடைக்குக் கீழே இறுக்கிச் செருகினாள். "கொசு கடிக்கும்" என்றாள். "கான்வென்டுல இதத்தான் படிச்சுக் குடுத்தாங்களாக்கும்." வெளியே மணல் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. கடல் இருட்டில் தன் பாட்டுக்குப் புரண்டது. அதைப் பார்க்காமல் நடந்தாள், பார்த்தால் எங்கே அவன் விளக்கு என்று தேட ஆரம்பித்துவிடுவாள், தேடினால் அங்கேயே நின்றுவிடுவாள்.

ஷெட்டின் ரோட்டுப் பக்கத்து இரட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒற்றை பல்பு, அதன் கீழே ஆரஞ்சுப் படகு மூக்கைக் கடலுக்குக் காட்டாமல் ரோட்டுக்குக் காட்டி நின்றது. அதன் முகத்தை இந்தப் பக்கமிருந்து அவள் பார்த்ததே இல்லை. யாரோ காதைப் பிடித்துத் திருப்பி நிறுத்தின பிள்ளை மாதிரி இருந்தது. சந்து முனையில் லாரி கத்திக்கொண்டிருந்தது, மாதா கெபிக்குப் பக்கத்தில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு, முன்னே வா, பின்னே போ என்று யாரோ கத்த, ஆபீசரின் குரலும் அதில் கேட்டது. வாசலில் ஜஸ்டஸ் அண்ணன் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளையிலிருந்து அவருக்கும் துறைமுகத்தில்தான் வேலை. "எம்மா, இந்த நேரத்துல என்ன இங்க?" "நீங்களாண்ணே இழுத்தீங்க?" "சம்பளம் வாங்குறேனே தாயி. இழுன்னா இழுக்கணும்." "நிறுத்தி நிறுத்தி இழுத்தீங்க." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுதா? ஊருல ஒரு காதாவது முழிச்சிருக்கும்னு நெனச்சேன்." பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். யாரிடமோ பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னார், கடல் பக்கத்து ஷட்டரை உள்ளேயிருந்து பூட்டியாச்சு, சாவி வழக்கமான ஆணியிலதான் தொங்குது, ரோட்டுக் கதவு மட்டுந்தான் இப்படித் தெறந்து கெடக்கு, நான் கொஞ்சம் டீ குடிக்கப் போறேன், திரும்பி வந்து நான் எதையும் பாக்கல. "அண்ணே." அவர் நின்றார். "எங்க வீட்டுக்காரருக்கு ஏதாவதுன்னா, கடல்ல யாருக்கு ஏதாவதுன்னாலும், கடல் பக்கமா வந்து தட்டுங்க. அந்தப் பக்கம் தெறப்பேன். இந்தப் பக்கம் தெறக்க மாட்டேன்." ஜஸ்டஸ் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒத்தையா சங்கிலிய இளக்கத் தெரியுமா உனக்கு?" "காதால தெரியும்ணே." அவர் சிரித்தார், சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க, சந்துக்கு எதிர்ப் பக்கமாக நடந்து போனார்.

ஒரு பக்கக் கதவைத் தள்ளினாள், கனம், கீல் அழுதது, அந்த அழுகை சந்து முனை வரை போயிருக்க வேண்டும், லாரி சட்டென்று அடங்கி யாரோ ஓடிவருகிற செருப்புச் சத்தம். அடுத்த கதவு, பிள்ளை ஒரு தோளில், மறு தோளைக் கதவில் முட்டுக் கொடுத்துத் தள்ளுகிறாள், சிஸ்டர் பெர்ப்பெத்துவா எங்கிருந்தோ நேராக நில், மெதுவாகப் பேசு என்கிறார், நிற்கிறேன் சிஸ்டர், இதை மட்டும் சாத்திவிட்டு நிற்கிறேன். ஒரு முழ இடைவெளியில் ஆபீசரின் முகம் வந்துவிட்டது, இரைக்க இரைக்க, பாவம், சட்டைப் பையில் ஒரு பேனாதான் இருந்தது இப்போது, ஒன்று ஓட்டத்தில் விழுந்திருக்கும். "அம்மா, என்ன செய்றீங்க, உள்ள பிள்ளைய வேற வச்சுக்கிட்டு, வெளிய வாங்கம்மா, இது அரசாங்க எடம்." அவர் கை கதவைப் பிடித்திருந்தது. சுத்தமான நகம். அதையே பார்த்தாள். ஓடிப்போய்விடலாம் என்று கால் சொன்னது, அந்தச் சொல்லைச் சொன்னால் கடல் கேட்டு வரும் என்று ஊர் முழுக்கச் சேர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அவன் அங்கே இருமுகிற எஞ்சினோடு இருக்கிறான். கேட்டு வரட்டும். வந்தால் போவதற்குப் படகு இங்கே இருக்கும். "நீங்க அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே சார்." "என்ன கேட்டேன்?" "கையத் தூக்கச் சொன்னீங்க." பிள்ளையைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாது, கதவைப் பிடித்திருந்ததைத்தான் எடுத்தாள், எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள், விரல்களை விரித்து, வகுப்பில் பதில் தெரிந்தவள் மாதிரி. "என் வீட்டுக்காரரை இந்தப் படகு காப்பாத்திச்சு. காப்பாத்திக் கொண்டுவந்துது. அவர் கூட வரல சார், காப்பாத்திக் கொண்டுவந்தாங்க." இருட்டில் ஆபீசருக்குப் பின்னால் இரண்டு மூன்று பெண்கள் வந்து நின்றிருந்தார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. யாரோ ஐயோ என்றார்கள். யாரோ, அது மாமியின் குரல் மாதிரித்தான் இருந்தது, "எம் மகனத்தான் சொல்றா" என்றார்கள், "ஆமா, எம் மகன்தான்." ஆபீசர் யார் பேசினது என்று திரும்பினார், கை கதவை விட்டது. தோளால் தள்ளினாள், கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் இரண்டு கதவுக்கும் குறுக்கே ஓடுகிற கனமான இரும்பு, துரு கையில் ஒட்டியது, பாதியில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. வெளியே தட்டுகிறார்கள். கடலில் ஆண் இருக்கிறபோது, என்று ஒரு குரல் ஆரம்பித்தது. தெரியும், என்றாள் அதற்கு. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தாழ்ப்பாள் சுவருக்குள் போய் உட்கார்ந்தது.